ஆறாம் வகுப்பு ஒரு வருடம் மெட்ரிக்கில் படித்துவிட்டாள்: 7.5 சதவீதம் கிடையாதாம்

#1 கரிசல்காட்டான் (வெள்ளி, இரவு 9.42)

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு 178. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அது பெரிய மார்க். விண்ணப்பம் போடுவதற்கு நான்தான் அவளை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பையன் மளமளவென்று தட்டிக்கொண்டே வந்தான். "ஆறாவது எந்த ஸ்கூல்?" என்று கேட்டதும் இவள் பெயரைச் சொன்னாள். அவன் கை அப்படியே நின்றது. "அது மெட்ரிக் இல்ல? அப்ப 7.5 வராதே அண்ணே" என்றான் என்னைப் பார்த்து. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீட்டைத்தான் சொன்னான்.

விவரம் இதுதான். ஒன்று முதல் ஐந்து வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஏழு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நடுவில் ஆறாம் வகுப்பு மட்டும், 2018-இல், பக்கத்து டவுன் மெட்ரிக் பள்ளி. அப்போது அத்தான் தீப்பெட்டி ஆபீசுக்கு லோடு ஆட்டோ ஓட்டினார். கையில் கொஞ்சம் காசு நின்ற வருடம். மகள் டை கட்டி வேனில் போவதைப் பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அடுத்த வருடமே டியூ கட்ட முடியாமல் வண்டி போனது. டை இன்னும் அக்கா வீட்டுக் கொடியில் எங்கேயோ கிடக்கிறது.

பன்னிரண்டு வருடத்தில் பதினோரு வருடம் அரசுப் பள்ளி. ஆனால் கணக்கில் அவள் தனியார் பள்ளி மாணவி.

எங்கள் தெருவிலேயே இன்னொரு பையன். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. எல்கேஜியிலிருந்து ஐந்து வரை அங்கே சிபிஎஸ்இ பள்ளி. தொழில் நொடித்து ஊருக்கு வந்து ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ந்தான். அவனுக்கு 7.5 உண்டு. அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பையன். கணக்குதான் புரியவில்லை.

அக்கா அத்தானைத் திட்டுகிறாள். அத்தான் வாயே திறப்பதில்லை. இதில் யார் தப்பு என்று உங்களைக் கேட்கிறேன்.

#2 நாலுமாடிவீடு (வெள்ளி, இரவு 10.15)

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி என்று ஒன்று போட்டால் கோடு எங்கேயாவது விழத்தானே செய்யும்?

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். நான் சொந்தமாகத் தொழில் செய்பவன் இல்லை, மாதச் சம்பளம். மகனைத் தனியார் பள்ளியில் படிக்கவைக்க வருடா வருடம் ஜூன் மாதம் நகையை அடகு வைத்து, தீபாவளிக்கு மீட்டு, மறுபடி ஜூனில் வைத்தேன். அவன் கட் ஆஃப் 186. அவனை விடக் குறைந்த மார்க்கில் ஒரு பையன் 7.5-இல் அதே கல்லூரிக்குப் போகிறான், அதுவும் ஃபீஸ் இல்லாமல். நான் பொறுப்பாக இருந்தது தப்பா?

#3 சாக்பீஸ்தூள் (வெள்ளி, இரவு 10.58)

நாலுமாடிவீடு சார், நான் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 19 வருட சர்வீஸ். கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

சில வருடம் முன்பு எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியருக்கு மாறுதல் வந்தது. ஜூலையில் போனார். அடுத்தவர் அக்டோபர் கடைசியில் வந்தார். இடையில் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒரு பெண்ணை வைத்தோம். அவர் படித்தது வேதியியல். அவரும் பாவம், முதல் நாள் இரவு படித்துவிட்டு வந்து நடத்துவார். அந்த வருடம் இயற்பியலில் 100-க்கு 71 எடுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அப்பா கல்குவாரி. உங்கள் மகன் 90 எடுத்திருந்தால் அது அவன் உழைப்பு, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த 71-இல் ஆசிரியர் இல்லாத நாலு மாதமும் இருக்கிறது. மார்க் ஷீட்டில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

இந்த ஒதுக்கீடு வருவதற்கு முன்னால் நீட் எழுதி எம்பிபிஎஸ் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-இல் சட்டம் வந்த முதல் வருடமே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டும் சேர்த்து நானூறு பேருக்கு வழி கிடைத்தது. பிள்ளைகள் ஒரே வருடத்தில் புத்திசாலி ஆகிவிடவில்லை.

கரிசல்காட்டான், உங்கள் விஷயத்துக்கு நாளை வருகிறேன். பேப்பர் கட்டு திருத்த வேண்டியிருக்கிறது.

#4 பஸ்பாஸ் (வெள்ளி, இரவு 11.20)

ஃபீஸ் இல்லாமல் போகிறான் என்று ஒருவர் சொன்னாரே, அந்தப் பையன் நான்தான். (உங்கள் மகன் கல்லூரியா என்று தெரியாது சார்.)

கல்விக் கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் அரசு கட்டுகிறது, உண்மை. மற்றதையும் சொல்கிறேன். முதல் செமஸ்டர் முதல் நாள் மேட்ஸ் சார் வந்து "ஐகன்வேல்யூ" என்று ஆரம்பித்தார். நான் தமிழ் மீடியம். எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது. முதல் வருடம் முடியும்போது 5 அரியர். பெஞ்சில் என்னை "செவன் பாயிண்ட்" என்று கூப்பிடுவார்கள். பேரே அதுதான். இப்போது மூன்றாம் வருடம், மூன்று அரியர் முடித்துவிட்டேன், இரண்டு பாக்கி.

சீட் கொடுத்ததோடு அரசாங்கத்தின் வேலை முடிந்தது, மீதி என் பொறுப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரு பிரிட்ஜ் கோர்ஸாவது ஒழுங்காக நடத்தியிருக்கலாம்.

#5 நாலுமாடிவீடு (சனி, காலை 6.50)

தம்பி, உங்களைச் சொல்லவில்லை. அரியரை முடியுங்கள்.

#6 கீழக்கோர்ட் (சனி, காலை 8.05)

சட்டப் பக்கம் கொஞ்சம். மருத்துவத்துக்கான 7.5 சட்டம் 2020. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று வைத்தது. ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திருந்து, அக்டோபர் 29 அன்று அரசாணையே போட்டார்கள்; மறுநாள் ஒப்புதல் வந்தது. இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் விரித்தது 2021. அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடத்தில் மறுபரிசீலனை செய்யும்படியும் அதில் இருக்கிறது.

கரிசல்காட்டான், ஒரு வழி உண்டா பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் 7.5 உண்டு. உங்கள் அக்கா மகள் அந்த 25-இல் சேர்ந்தவளா?

#7 கரிசல்காட்டான் (சனி, காலை 8.31)

இல்லை வக்கீல் சார். அந்த 25 சதவீதம் எல்கேஜியில் அல்லது ஒன்றாம் வகுப்பில் சேரும்போதுதானே? இவள் ஆறில் போய்ச் சேர்ந்தாள். அத்தான் ரொக்கமாக ஃபீஸ் கட்டினார். ரசீது வரை வைத்திருக்கிறார், பெருமைக்கு.

ஆக, எட்டு வருடம் அரசு காசில் தனியார் பள்ளியில் படித்தால் உள்ளே. ஒரு வருடம் அத்தான் காசில் படித்தால் வெளியே. சரி.

#8 கீழக்கோர்ட் (சனி, காலை 8.40)

25-இல் வந்தவர் நலிந்த பிரிவு என்பது முதலிலேயே சான்றோடு உறுதியாகிவிட்டது என்பது அதன் தர்க்கம். உங்கள் கோபம் புரிகிறது.

#9 இட்லிமாவு (சனி, காலை 9.12)

சும்மா ஆறாம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்ததாக ஒரு போனஃபைடு சான்றிதழ் வாங்கிவிட வேண்டியதுதானே? எங்கள் பக்கம் ஒரு ஹெச்.எம். ரிட்டயர் ஆனவர் இருக்கிறார். தனிச் செய்தியில் வாருங்கள்.

#10 சாக்பீஸ்தூள் (சனி, மதியம் 1.25)

அந்தப் பக்கமே போக வேண்டாம். எமிஸ் என்று கல்வித்துறையின் கணினிப் பதிவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எண். எந்த வருடம் எந்தப் பள்ளி என்று அதில் வரிசையாக நிற்கும். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் சீட்டும் போகும், வழக்கும் வரும். கையெழுத்துப் போட்டவர் பென்ஷனும் ஆடும். மாட்டாவிட்டாலும் அந்தச் சீட்டு இன்னொரு பிள்ளையுடையது, கல்குவாரிக்காரர் மகனுடையதாகக்கூட இருக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு. ஆறாம் வகுப்பு என்ற கோடு ஏன் என்றால், உயர்நிலைப் படிப்பு அங்கே தொடங்குகிறது, நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளி மாறும் இடமும் அதுதான். கோடு போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை எப்படித் தாண்டுவது என்று தெரிந்த பெற்றோர் எங்கள் பள்ளிக்கே வருகிறார்கள். ஐந்து வரை நல்ல ஆங்கிலப் பள்ளி. ஆறில் டிசி வாங்கி எங்களிடம். காலை எங்கள் பள்ளி, மாலை டவுனில் கோச்சிங். காரில் வந்து இறக்கிவிடுவார்கள், கேட்டுக்கு நூறடி முன்னாலேயே. அவர்கள் மேல் சட்டப்படி குற்றம் இல்லை. என் வகுப்பில் அவர்கள் பிள்ளைகள் இருப்பது ஒரு வகையில் நல்லதும்கூட, ஏனென்றால் அந்தப் பெற்றோர் வந்து கேள்வி கேட்டால்தான் கழிவறைக்குத் தண்ணீர் வருகிறது.

ஆனால் உங்கள் அத்தான் செய்தது என்ன? 2018-இல் இப்படி ஒரு சட்டமே கிடையாது. இல்லாத விதிக்கு அவர் எப்படிப் பொறுப்பாக முடியும்? அதை உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள்.

#11 வடமராட்சியான் (சனி, மாலை 4.47)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கடை 7.5 எனக்கு முழுசா விளங்கவில்லை, ஆனால் கோடு விழுகிற கதை நல்லா விளங்குது.

இங்கை பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையில் (உங்கடை பிளஸ் டூ மாதிரி) எடுக்கிற இசட் புள்ளியில். கூடுதலான பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதன் பழைய கதை எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல்; அதைப் பற்றி இங்கை எழுதத் தொடங்கினால் இழை முடியாது, விடுவம். ஒரே உயர்தரப் பரீட்சை, ஒரே வினாத்தாள். ஆனால் மருத்துவ பீடத்துக்கு யாழ்ப்பாணப் பிள்ளைக்கு வேண்டிய புள்ளி ஒன்று, முல்லைத்தீவுப் பிள்ளைக்கு வேண்டியது இன்னொன்று.

என்ன நடக்கும்? சாதாரண தரம் (உங்கடை பத்தாம் வகுப்பு மாதிரி) வரைக்கும் யாழ்ப்பாணத்தில் ரியூசன், பிறகு உயர்தரத்துக்கு வேறை மாவட்டத்துக்குப் பதிவை மாத்துகிற வழியைத் தேடுகிற பெற்றோர் இருக்கினம். அதைத் தடுக்க எத்தனை வருசம் அந்த மாவட்டத்தில் படிச்சிருக்க வேணும் என்று விதி. அந்த விதியில் அகப்படுகிறது ஆர் தெரியுமோ? ஏமாத்தினவன் இல்லை. அவன் விதியை வாசிச்சுப்போட்டுத்தான் போவான். தகப்பனுக்கு இடமாற்றம் வந்து குடும்பத்தோடை போன பிள்ளைதான் அகப்படும். என்ரை அண்ணன்ரை மகளுக்கு நடந்தது. தகப்பன் அரச உத்தியோகம், இரண்டு இடமாற்றம். கடைசியில் அவள் எந்த மாவட்டம் என்று தீர்மானிக்கவே கடிதம் மேல் கடிதம்.

கரிசல்காட்டான், உங்கடை மருமகளைப் போலதான். (நாங்கள் அக்கா மகளை மருமகள் என்றுதான் சொல்லுவம்.)

#12 கரிசல்காட்டான் (சனி, மாலை 6.10)

நாங்களும் மருமகள் என்போம். இங்கே பிறர் குழம்பக்கூடாதென்று "அக்கா மகள்" என்று எழுதினேன்.

"விதியை வாசித்துவிட்டுத்தான் போவான்." இரண்டு முறை படித்தேன். அத்தான் எதையும் வாசித்துவிட்டுப் போனவர் இல்லை.

#13 சேலத்துக்காரி (சனி, இரவு 8.20)

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன், அடிக்க வராதீர்கள்.

எல்லாரும் அப்பா, அரசு, கோடு என்றே பேசுகிறீர்கள். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. 178 எடுத்தது அவள். 2020-21 முழுக்கப் பள்ளி பூட்டிக்கிடந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. வீட்டில் ஒரே போன் என்றால் யார் கையில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் அண்ணன் கையில் இருந்தது. கல்வித் தொலைக்காட்சி பார்த்துப் படித்த தலைமுறை அது. அங்கிருந்து 178-க்கு வந்த பெண்ணை "7.5 கிடைக்காதவள்" என்று வீடே மூலையில் உட்கார்ந்து அழுதால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அவள் பொதுப்பிரிவிலும் தன் இனப்பிரிவிலும் ரேங்க் வாங்கத்தான் போகிறாள். 7.5 ஒரு கதவு, ஒரே கதவு இல்லை.

அப்புறம், நாமக்கல் பக்கம் பிராய்லர் பள்ளி என்று சொல்வார்களே, அதில் இரண்டு வருடம் இருந்தவள் நான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டையே ஓட்டினார்கள். காலை நாலரைக்கு மணி. 1200-க்கு 1160-க்கு மேல் எடுத்தேன். கல்லூரியில் முதல் செமஸ்டர் எனக்கும் மேட்ஸ் அரியர். பஸ்பாஸ் தம்பி கவனிக்க. ஐகன்வேல்யூ யாரையும் விட்டுவைப்பதில்லை.

#14 பஸ்பாஸ் (சனி, இரவு 8.33)

அக்கா 🙏

#15 நாலுமாடிவீடு (ஞாயிறு, காலை 10.05)

நேற்று முழுக்க யோசித்தேன். ஒரு யோசனை. உள்ளே, வெளியே என்று கோடு போடாமல் வருடக் கணக்கில் வெயிட்டேஜ் கொடுத்தால் என்ன? பன்னிரண்டு வருடத்தில் எத்தனை வருடம் அரசுப் பள்ளியோ அதற்குத் தக்க மதிப்பெண். கரிசல்காட்டான் மருமகளுக்குப் பன்னிரண்டில் பதினொன்று. திருப்பூர்ப் பையனுக்குப் பன்னிரண்டில் ஏழு.

#16 கீழக்கோர்ட் (ஞாயிறு, காலை 10.40)

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட் ஆஃபில் அரை மார்க்குக்கு எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வருடத்துக்கு எவ்வளவு மார்க் என்று யார் முடிவு செய்வது? ஒவ்வொன்றுக்கும் வழக்கு வரும். எனக்கு வருமானம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

#17 சாக்பீஸ்தூள் (ஞாயிறு, காலை 11.30)

வெயிட்டேஜ் வந்தாலும் கோச்சிங் சென்டர் அதற்கும் ஒரு கால்குலேட்டர் போட்டுவிடும்.

ஆனால் நாலுமாடிவீடு சாரே இந்த யோசனையைச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் வேறு சார்.

கரிசல்காட்டான், நடக்கிற காரியத்தைப் பார்ப்போம். மருமகள் வீட்டில் இதற்கு முன் பட்டதாரி உண்டா? தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள். இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள். கவுன்சலிங்கில் சீட் எடுத்தால் கல்விக் கட்டணத்தில் வருடத்துக்கு 25,000 குறையும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது, அதைக் கவனமாகப் பாருங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான்.

#18 கரிசல்காட்டான் (ஞாயிறு, மதியம் 2.15)

யாரும் இல்லை. நான் ஐடிஐ ஃபிட்டர், அதுவும் அந்தக் கணக்கில் வரமாட்டேன்.

ஒரு பிள்ளைக்குத்தான் என்பது இடிக்கிறது. அவளுக்குப் பின்னால் தம்பி ஒருவன், எட்டாம் வகுப்பு. ஆறிலிருந்தே அரசுப் பள்ளி. சரி, அவனுக்கு 7.5 இருக்கிறது. அக்காவின் அதிர்ஷ்டக்குறைவு தம்பிக்கு ஆகிவருகிறது. இதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டமும் அவளுக்குக் கிடையாதாம், அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டுதான். அந்த ஒரு வருட டை எவ்வளவு விலை என்று அத்தான் நேற்று ராத்திரி தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டேன்.

சேலத்துக்காரி, நீங்கள் சொன்னபடி அவளிடமே கேட்டேன். இட்லிமாவு சொன்ன மாதிரியே ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்து போனாராம், எனக்குத் தெரியாமல். அத்தான் அரை மனதாகத் தலையாட்டியிருக்கிறார். இவள் "எமிஸ்ல இருக்குப்பா, மாட்டிக்குவோம், எனக்கு நாலு வருசம் பயந்துகிட்டே படிக்க முடியாது" என்றாளாம். அப்பா மேல் கோபமா என்று கேட்டேன். "அந்த ஸ்கூல்லதான் மாமா இங்கிலீஷ் வாசிக்கப் பழகினேன்" என்றாள். "லைப்ரரி பீரியட் இருந்துச்சு, வாரம் ஒரு புக்கு."

இதை அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று பார்க்கிறேன்.

#19 சேலத்துக்காரி (ஞாயிறு, மதியம் 2.40)

எப்படியோ சொல்லுங்கள். இன்றைக்கே.

#20 வடமராட்சியான் (ஞாயிறு, மாலை 5.30)

கெட்டிக்காரி.

#21 இட்லிமாவு (ஞாயிறு, இரவு 9.00)

நான் சும்மா உதவத்தான் சொன்னேன். விடுங்கள்.

#22 கரிசல்காட்டான் (ஐந்து வாரம் கழித்து, புதன், இரவு 10.20)

பழைய இழையைத் தூசு தட்டுகிறேன். கேட்டவர்களுக்காக.

முதல் தலைமுறைச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று நாலு நடை. தாத்தாவின் படிப்புக்கு என்ன சான்று என்று கேட்டார்கள். கைநாட்டுக்கு ஏது டிசி? கடைசியில் தாத்தாவையே வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவர் அங்கேயும் ரேகைதான் வைத்தார், வேலை முடிந்தது.

கவுன்சலிங்கில் இனப்பிரிவில் அவளுக்குச் சீட் கிடைத்தது, மின்னியல். கேட்ட கல்லூரி இல்லை, அடுத்தது. 25,000 கழிந்தது போக மீதி ஃபீஸுக்கு அத்தான் ஒரு பாதி, நான் ஒரு பாதி. விடுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

பஸ்பாஸ் தம்பி, உங்கள் முதல் வருட மேட்ஸ் புத்தகமும் நோட்டும் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். அவளிடம் ஐகன்வேல்யூ கதையைச் சொன்னேன், இப்போதே பார்த்துவைக்கிறேன் என்கிறாள்.

#23 பஸ்பாஸ் (புதன், இரவு 10.34)

அனுப்புகிறேன் அண்ணா. நோட்டில் முதல் இருபது பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.